பனியிலும் நிற்காத சைக்கிள்

நடப்பதைப் பற்றியோ சைக்கிள் விடுவதைப் பற்றியோ இந்தப் பகுதியில் எழுதும்போதெல்லாம், வரும் கடிதங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும். "நன்றாகத்தான் ஆரம்பித்தேன் அம்மா, மழை வந்தது, நின்னு போச்சு." சிலருக்கு ஐப்பசி மழை. சிலருக்கு மார்கழிப் பனி. ஊட்டிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு ஜனவரி மாதத்து உறைபனி. காரணம் எதுவானாலும் கதை ஒன்றுதான். மழை விட்ட பிறகும், வெயில் வந்த பிறகும், சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கிறது.

இதற்குப் பதில் சொல்ல உங்களைக் கொஞ்ச தூரம் அழைத்துப் போகப் போகிறேன். பின்லாந்து தேசத்தில் ஓவ்லு என்று ஓர் ஊர். தலைநகரான ஹெல்சிங்கியிலிருந்து வடக்கே 600 கிலோமீட்டர். என் மகனுக்கு அங்கே உத்தியோகம். மருமகளுக்கு ஜூலையில் குழந்தை பிறந்தது. பேரனைப் பார்த்துக்கொள்ள நவம்பர் கடைசியில் போய்ச் சேர்ந்தேன். பிப்ரவரி நடுவில் திரும்பினேன். நடுக் குளிர்காலம் முழுவதையும் அங்கே பார்த்தாயிற்று.

டிசம்பர் கடைசியில் அந்த ஊரில் சூரியன் காலை பத்தரை மணி வாக்கில் எட்டிப் பார்க்கும். பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் விடைபெற்றுக்கொள்ளும். நம் வீட்டு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் இருக்கும் குளிரைவிட வெளியே அதிகக் குளிர் அடிக்கிற நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், விளக்கு விளக்காக வரிசையில் நகர்கின்றன. எல்லாம் சைக்கிள்! ஆபீஸ் போகிறவர்கள், கடைக்குப் போகும் பாட்டிமார்கள், பள்ளிப் பிள்ளைகள். அந்த ஊரில் மெட்சோகங்காஸ் என்ற பகுதியில் ஒரு பள்ளி. அதில் படிக்கும் சுமார் 1,200 பிள்ளைகளில் 1,000 பேர் மைனஸ் 17 டிகிரியிலும் சைக்கிளில் வந்து இறங்கியது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. குளிர்காலத்தில் சைக்கிள் விடுவதைப் பற்றிப் பேசவே ஓர் உலக மாநாடு உண்டு. அது முதன்முதலில் 2013-ல் கூடியதும் ஓவ்லுவில்தான்.

அவர்கள் உடம்பு வேறு வாகு, நம்மால் ஆகுமா என்று நினைப்பீர்கள். என் மருமகள் புதுக்கோட்டைக்காரி. அவள் அம்மா 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது சைக்கிள் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருவர். பெண்ணுக்கும் அவரே கற்றுக் கொடுத்தார். ஆனால் அது வெயிலில் கற்ற வித்தை. பனிக்கும் அவளுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

அவளுக்குச் சைக்கிள் பொழுதுபோக்கும் இல்லை. கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. பிரசவத்தோடு இறங்கிவிட்டது. ஆனால் அந்த நாட்டில் தாய்–சேய் நலத்தைக் கவனிக்கும் 'நெவோலா' என்ற நிலையத்தின் நர்ஸம்மா ஒன்றை அழுத்திச் சொல்லி அனுப்பினார்: கர்ப்ப காலத்தில் வந்து போன சர்க்கரை, பிற்காலத்தில் நிரந்தரமாக வந்து உட்காரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், உடம்பை அசையாமல் வைத்திருக்காதே. அசைவது என்றால் எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, மூச்சு சற்று வேகமாகும் அளவுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம். கைக்குழந்தைக்காரிக்கு அதற்கு நேரம் ஏது?

அவள் போட்ட கணக்கைக் கேளுங்கள். பின்னிஷ் மொழி வகுப்பு சைக்கிளில் பதினைந்து நிமிட தூரம். போக 15, வர 15, வாரத்தில் ஐந்து நாள். கூட்டினால் சரியாக 150! "தனியா எக்சர்சைஸுக்கு நேரம் ஒதுக்கினா முதல்ல அதுதான் அத்தை அடிபடும். வகுப்புக்குப் போய்த்தானே ஆகணும்?" என்றாள். குளிரிலும் நிற்காத அத்தனை பேரிடமும் நான் கண்டது இதைத்தான். யாரும் 'உடற்பயிற்சி' செய்யக் கிளம்பவில்லை. போக வேண்டிய இடத்துக்குப் போகிறார்கள். உடம்பு தானே பார்த்துக்கொள்கிறது.

அவள் எப்படித் தயாரானாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

உடை: புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும். இதுதான் முதல் பாடம். வாசலில் நிற்கும்போதே கதகதப்பாக இருந்தால், பத்து நிமிடம் மிதித்ததும் வேர்த்துக் கொட்டும். அந்த வேர்வைதான் பிறகு உடம்பைச் சில்லிட வைக்கும் எதிரி. உள்ளே மெல்லிய கம்பளி பனியன். பருத்தி கூடாது, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு ஸ்வெட்டர். மேலே காற்றுப் புகாத கோட்டு. ஒரே தடிமனான உடையைவிட இப்படி மூன்று அடுக்கு நல்லது. வேண்டாதபோது ஒன்றைக் கழற்றலாம் பாருங்கள்.

கை, கால், காது: நடுவுடம்பு மிதிக்க மிதிக்கச் சூடாகிவிடும்; ஓரத்தில் இருக்கும் உறுப்புகள்தான் விறைக்கும். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாக இருக்கும் உறை மேல்; ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளும். பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் எத்தனை சாக்ஸ் போட்டும் பயனில்லை, ரத்த ஓட்டம் தடைப்படும். கால்விரலை உள்ளே ஆட்ட இடம் வேண்டும்.

மூச்சு: குளிர்ந்த காற்று வறண்ட காற்று. மூக்கால் இழுத்தால் உள்ளே போவதற்குள் சற்றுச் சூடாகி ஈரமாகும். வாய், மூக்கின் மேல் ஒரு மெல்லிய துணி சுற்றிக்கொள்வார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்க் காற்றில் மார்பு இறுகும். அவர்கள் டாக்டரிடம் கேட்டு, அவர் சொல்லும் மருந்தைக் கைவசம் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

உடம்பைத் தயார் செய்வது: குளிரில் தசைகள் விறைப்பாக இருக்கும். எடுத்த எடுப்பில் அழுத்தி மிதித்தால் முழங்கால் கோபித்துக்கொள்ளும். காலையில் பால் காய்கிற நேரத்தில் என் மருமகள் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்பாள், கையால் தாங்காமல், இருபது தடவை. பிறகு இரண்டு மாடி ஏறி இறங்குவாள். வெளியே போனதும் முதல் ஐந்து நிமிடம் லேசான கியரில் மெதுவாக. புதுப் பனி விழுந்த பாதை மணலில் மிதிப்பது போல; தொடைக்கும் முதுகுக்கும் வேலை அதிகம். குளிரில் தாகம் தெரியாது. ஆனாலும் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவாள். திரும்பி வந்ததும் ஈர பனியனை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குவாள். நான் ஒரு தம்ளர் சுக்குமல்லிக் காப்பி கொடுப்பேன். அது நம்ம ஊர் வைத்தியம்!

வண்டி: டயரில் சின்னச் சின்ன இரும்பு ஆணிகள் பதித்து விற்கிறார்கள். கண்ணாடி போன்ற ஐஸில் அதுதான் பிடிமானம். ஸீட்டை ஒரு விரற்கடை தாழ்த்திவிட்டாள், சறுக்கினால் சட்டென்று கால் ஊன்ற. சடன் பிரேக் கிடையாது. வளைவில் பிரேக்கே கிடையாது, முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். முன்னும் பின்னும் விளக்கு. கோட்டில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை. வண்டியை வீட்டுக்குள் ஏற்றாமல் வெளிக் கொட்டகையிலேயே விட்டுவிடுவார்கள். உள்ளே கொண்டுவந்தால் பனி உருகி, மறுபடி வெளியே போனதும் பிரேக் கம்பியிலும் பூட்டிலும் ஐஸாக உறைந்துவிடுமாம்.

குழந்தையை ஏற்றுவதானால்: அங்கே ஒரு தாய் சொன்னதை இளம் தாய்மார்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மிதிக்கிறவளுக்கு வேர்க்கும், பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு விறைக்கும். உங்கள் உடம்பை வைத்துக் குழந்தையின் குளிரை அளக்காதீர்கள். அதற்கு ஓர் அடுக்கு கூடுதலாகப் போட்டு, வழியில் நிறுத்திப் பிடரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தானே நன்றாக உட்காரத் தெரியாத குழந்தையைச் சைக்கிள் ஸீட்டில் வைக்கவே கூடாது. எங்கள் பேரன் என்னோடு வீட்டில்தான் இருந்தான்.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயிலே படாத மாதங்களில் உடம்பில் விட்டமின் டி குறையும். நம் போன்ற மாநிறத்தவருக்கு இன்னும் சீக்கிரம். பின்லாந்தில் 2003 முதல் பாலிலேயே அதைச் சேர்த்து விற்கிறார்கள். மருமகளுக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் மனசின் இருட்டுக்கு? "வீட்டுக்குள்ளேயே இருந்தா அழுகை அழுகையா வருது அத்தை. வெளியில போய் நாலு முகத்தைப் பார்த்துட்டு வந்தா சரியாயிடுது" என்பாள். சர்க்கரைக்காக ஆரம்பித்த சைக்கிள் இதற்கும் மருந்தானது.

எல்லா நாளும் வீரம் பேசினாள் என்று எண்ண வேண்டாம். மைனஸ் 20-க்குக் கீழே போனால் பஸ். காய்ச்சல், இருமல் என்றால் கிடையாது. "ஒருநாள் விட்டா பரவாயில்லை, ரெண்டு நாள் சேர்ந்தாப்பல விடக்கூடாது" என்பது அவள் போட்டுக்கொண்ட சட்டம். அந்தச் சட்டமும் ஜனவரியில் உடைந்தது. குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு வாரம் யாருக்கும் தூக்கமில்லை. வண்டி கொட்டகையிலேயே நின்றது. காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கேதான் நம்மில் பலர் நின்றுபோகிறோம். மூன்றாம் நாள் வகுப்புக்குப் போகவில்லை. ஐந்து நிமிட தூரத்தில் உள்ள கடைக்குப் போய்ப் பால் மட்டும் வாங்கி வந்தாள். மறுநாள் பத்து நிமிடம். அடுத்த வாரம் பழையபடி. விட்ட நாட்களை ஒரே நாளில் பிடிக்கப் பார்க்காமல், சின்னதாகத் திரும்பி வந்ததால்தான் திரும்ப முடிந்தது.

இவ்வளவும் அவள் சாமர்த்தியம் என்றாலும், ஊரின் பங்கையும் சொல்லாவிட்டால் பாதி உண்மைதான். அங்கே 900 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் பாதை இருக்கிறது. பெரிய சாலைகளின் குறுக்கே போகாமல் அடியில் நுழைந்து போகச் சுரங்க வழிகள். ராத்திரி பனி கொட்டினால், முக்கியமான பாதைகளை விடியலுக்கு முன்பே வண்டி விட்டு வழித்து, அழுத்திச் சமன் செய்து, மேலே பொடி ஜல்லி தூவிவிடுகிறார்கள். தெருவிளக்கு எரிகிறது. பெண்களும் பிள்ளைகளும் பயமில்லாமல் வெளியே வருகிறார்கள் என்றால், அவர்களுக்காக யாரோ முன்னாலேயே எழுந்து பாதையைத் துப்புரவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நம் வார்டிலும் இதைக் கேட்கலாம், தப்பில்லை.

சரி, நமக்கு இதில் என்ன? நம் ஊரில் பனிக்கட்டி இல்லை. ஆனால் நிறுத்தக் காரணம் நிறைய இருக்கிறது. ஆகவே சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்:

தினமும் போயே தீர வேண்டிய ஒரு வேலையோடு சைக்கிளையோ நடையையோ முடிச்சுப் போடுங்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, காய்கறி வாங்குவது, எதுவானாலும் சரி. வேண்டியதை எல்லாம் முதல் நாள் இரவே எடுத்து வையுங்கள். காலையில் தேட ஆரம்பித்தால் கிளம்ப மாட்டீர்கள். எப்போது போகக் கூடாது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: இடி மின்னல், காய்ச்சல், பள்ளம் தெரியாமல் தண்ணீர் நிற்கும் தெரு. மற்ற நாளில் போய்விட வேண்டும். முடியாத நாளில் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்திருங்கள், படி ஏறி இறங்குங்கள். சில வாரம் முழுக்க நிறுத்தினாலே, சேர்த்த மூச்சுப் பலம் கரைய ஆரம்பித்துவிடும். பாதியாகக் குறைத்தாவது தொடர்ந்தால் பெரும்பகுதி தங்கும்.

புதிதாகப் பிரசவித்தவர்கள் புண் ஆறி, டாக்டர் பரிசோதித்துச் சரி என்ற பிறகே ஸீட்டில் ஏற வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி நாள் மறக்காத நாம், நம்முடைய நாளை மட்டும் மறந்துவிடுகிறோம்.

மருமகள் மே மாதம் பரிசோதனை செய்துகொண்டாள். சர்க்கரை அளவாகவே இருக்கிறது. சைக்கிள் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டிலும் கவனமாக இருந்தாள். ஆனால் அந்தச் செய்தியைப் போனில் சொல்லிவிட்டு, "அத்தை, இந்த வருஷத்துக்கு ஆணி டயர் இப்பவே வாங்கி வெச்சாச்சு" என்றாளே, அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

உங்கள் வீட்டுச் சைக்கிள் எங்கே இருக்கிறது? போய்க் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.