இருவகை நூல்

தமிழில் ‘நூல்’ என்னும் சொல் இரு பொருள் தருவது. நெசவாளர் தறியில் இடும் இழையும் நூலே. அறிஞர் ஆராய்ந்து எழுதும் ஏடும் நூலே. இழை நூற்கும் தொழிலோடு நூல் இயற்றும் தொழிலை ஒப்பிட்டுப் பவணந்தி முனிவர் தம் நன்னூலில் விளக்கியுள்ளார். இவ்விருவகை நூலாலும் பெயர் பெற்ற நகரம் ஒன்று தொண்டை நாட்டில் உண்டு. அது காஞ்சிபுரம். பல்லவர் காலத்தில் அந்நகரில் ‘கடிகை’ என்னும் உயர்கல்வி நிலையம் இருந்தது. அதில் கற்கும் விருப்பத்தால் தொலைவிலிருந்தும் மாணவர் வந்தனர். இக்காலத்திலோ பட்டுச் சேலை வாங்குவதற்காக நாட்டின் பல பகுதியினரும் அங்கு வருகின்றனர்.

திருமணத்திற்குச் சேலை எடுக்க வரும் ஒரு குடும்பத்தைக் கடையில் நின்று கவனியுங்கள். இளையவர் சேலையின் நிறத்தைக் கண்டே மகிழ்ந்துவிடுவர். பாட்டியார் அவ்வாறு மகிழ்ந்துவிடமாட்டார். அவர் சேலையை மறுபுறம் திருப்புவார். உடலும் கரையும் சேரும் இடத்தில் விரலால் தடவிப் பார்ப்பார். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாக ஊடையைக் கோத்து நெய்வதைக் ‘கோர்வை’ என்பர். கைத்தறியில் அதனை நெய்ய இருவர் வேண்டும். ஒருவர் தறியில் அமர்ந்து நெய்ய, மற்றொருவர் துணைநின்று கரையின் நாடாவைச் செலுத்துவார். அந்த உழைப்பின் அடையாளம் முன்புறத்தைவிட மறுபுறத்திலேயே தெளிவாகத் தெரியும். பின்னர்ப் பாட்டியார் சரிகையைச் சிறிது சுரண்டிப் பார்க்கச் சொல்வார். பட்டிழையின்மேல் வெள்ளியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது தூய சரிகை. சுரண்டினால் உள்ளே சிவந்த பட்டிழை தெரியும்.

இத்துணைக் கவனத்தோடு சேலை எடுப்பவர், புத்தகக் கடையில் நுழைந்தவுடன் அக்கவனத்தை இழந்துவிடுவது வியப்பே. அட்டை பளபளப்பாக இருக்கிறது, படங்கள் பெரியனவாக உள்ளன, விலை குறைத்துக் கொடுக்கிறார்கள், வாங்கிவிடுகிறோம். கலையையும் இசையையும் பண்பாட்டு வரலாற்றையும் கூறும் நூல்களையும் மறுபுறம் திருப்பிப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கதை நூல் ஒன்று நன்றாக அமையாவிட்டால் நமக்கு ஒரு மாலைப்பொழுது மட்டுமே வீணாகும். தவறான வரலாற்று நூலோ, தவறு என்று நாம் அறியாத ஒன்றை நம் நெஞ்சில் பதித்துவிடும். அதை நாம் பிறருக்கும் சொல்வோம். நம் பிள்ளைகளும் அதையே நம்புவர். ஆகவே, நூலின் மறுபுறத்தில் காணத்தக்கவை எவை என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலாவது, நூலாசிரியர் தாம் எழுதும் பொருளை நேரில் கண்டு ஆராய்ந்தவரா என்று பார்க்க வேண்டும். காஞ்சியில் உள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் எடுப்பித்தது. அதன் திருச்சுற்று மண்டபச் சுவரில் பல்லவர் வரலாறு சிற்பவரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. மன்னன் ஒருவன் மகப்பேறின்றி இறந்தான். அமைச்சரும் கடிகையாரும் குடிமக்கள் தலைவரும் பல்லவரின் கிளைமரபில் வந்த இரணியவர்மனிடம் சென்று, அரசாள ஒருவரைத் தருமாறு வேண்டினர். மூத்த புதல்வர் மூவரும் மறுத்தனர். பன்னிரண்டே வயதுடைய இளையமகன் ‘யான் செல்வேன்’ என்று முன்வந்தான். அவனே பல்லவமல்லன். இச்செய்தியைக் கூறும் கல்வெட்டும் அச்சிற்பங்களை ஒட்டியே உள்ளது.

பல நூற்றாண்டுகள் மக்கள் அச்சுவரைக் கடந்து சென்றனர். ஆயினும் அது கூறும் வரலாற்றைப் படிப்பார் இலர். அச்சிற்பங்களைக் கல்வெட்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்து நூலாக எழுதியவர் சி. மீனாட்சி என்னும் பெண்மணி. 1905-இல் பிறந்த அவர், பல்லவர் ஆட்சியையும் சமுதாய வாழ்வையும் ஆராய்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாராய்ச்சி 1938-இல் நூலாக வெளிவந்தது. வைகுந்தப் பெருமாள் கோயிற் சிற்பங்களைப் பற்றிய நூலைத் தொல்பொருள் துறை 1941-இல் வெளியிட்டது. அந்தோ! அதனைக் கையில் ஏந்திப் பார்க்க அவர் உயிரோடில்லை. 1940-ஆம் ஆண்டிலேயே, முப்பத்தைந்து வயது நிரம்புமுன், அவர் மறைந்தார். அவருடைய நூலைப் படித்தபின் அக்கோயிலுக்குச் செல்பவர், முன்பு வெறுங்கல்லாகக் கண்ட சுவரில் ஒரு சிறுவனின் துணிவைக் காண்பர். படித்து முடித்தபின் அப்பொருளையே சென்று காணுமாறு நம்மைத் தூண்டும் நூலே நல்ல கலைநூல்.

இரண்டாவது, ஆசிரியர் தாம் கூறும் செய்தியை எவ்வாறு அறிந்தார் என்பதைச் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். இசைநூலுக்கு இது மிகவும் இன்றியமையாதது. கல் நிற்கும், குரல் நில்லாது. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை தாளத்தில் காட்டிய திறமையைக் கேட்டவர் வியந்தனர். அவர் 1934-இல் மறைந்தார். அவருடைய கச்சேரியில் நாம் சென்று அமர இயலாது. அத்தகையோரைப் பற்றி அறிய எழுத்தையே நாம் நம்ப வேண்டும். அவ்வெழுத்து எத்தகையது என்பதே கேள்வி.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதிய ‘சங்கீத மும்மணிகள்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய மூவரைப் பற்றியது அந்நூல். கிருஷ்ணையர், சாமிநாதையரின் உறவினர். சாமிநாதையர் பிறக்குமுன்னரே மறைந்தவர். எனினும் சாமிநாதையரின் தந்தையார் அவரிடம் இசை பயின்றவர் ஆதலால், தந்தையார் வாயிலாகப் பல செய்திகள் கிட்டின. பாரதியாரிடமோ சாமிநாதையரே மாயூரத்தில் சில காலம் இசை கற்றார். வைத்தியநாதையரின் இசையை நேரில் கேட்டு இன்புற்றார். ஒருவரைக் கேள்வியால் அறிந்தார். ஒருவரிடம் மாணவராக இருந்தார். ஒருவரை அவையில் இருந்து கேட்டார். எச்செய்தி எவ்வழி வந்தது என்று நமக்குத் தெரிந்தால், அதனை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். இவ்வாறன்றி, ‘எல்லாரும் அறிந்ததே’ என்று தொடங்கி எதையும் சொல்லிவிடும் நூலைக் கண்டால் நாம் தயங்க வேண்டும்.

நெசவாளர் மார்க்கண்டேய முனிவரின் வழித்தோன்றல்கள் என்று ஒரு மரபுக்கதை காஞ்சியில் வழங்குகிறது. அக்கதை அவர்கள் தம் தொழிலை எவ்வளவு உயர்வாக மதித்தனர் என்பதைக் காட்டும். அதனை நாமும் மதிக்கவேண்டும். ஆயினும், ‘இவ்வாறு கூறுவர்’ என்று எழுதுவது வேறு. ‘இது நடந்தது’ என்று எழுதுவது வேறு. இவ்விரண்டையும் வேறுபடுத்தும் ஆசிரியரே நம்பத்தக்கவர்.

மூன்றாவது, நூலில் நடுவுநிலைமை உண்டா என்று பார்க்க வேண்டும். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவன் இராசசிம்ம பல்லவன். பிற்காலத்தில் பல்லவரின் பகைவனாகிய சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். அவன் அக்கோயிலின் செல்வத்தைக் கண்டும் கவர்ந்து செல்லாமல் கோயிலுக்கே திருப்பித் தந்தான். இதனைக் கூறும் கன்னடக் கல்வெட்டு அக்கோயிலின் தூண் ஒன்றில் உள்ளது. அவனுடைய அரசி பட்டதக்கல்லில் எடுப்பித்த கோயில், காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை நினைவூட்டும் வகையில் அமைந்தது. நம் வெற்றிகளை மட்டும் எழுதி இத்தோல்வியை மறைக்கும் நூல், தோல்வியோடு சேர்த்து ஒரு பகைவனின் பெருந்தன்மையையும் மறைத்துவிடுகிறது. நம் சிற்பிகளின் கலை எல்லை கடந்து சென்று பெற்ற பெருமையையும் மறைத்துவிடுகிறது. பட்டின் வரலாறும் அத்தகையதே. காஞ்சித் தறியில் ஏறும் பட்டிழை பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருவது. சரிகையில் மிகுதி குசராத்தின் சூரத்திலிருந்து வருவது. ஓர் ஊரின் கலை அவ்வூரின் எல்லையோடு முடிவதில்லை. இதனை உணர்ந்து எழுதப்பட்ட நூல் நம் அறிவை விரிவாக்கும்.

நான்காவது, தெளிந்த உண்மை எது, ஆசிரியரின் ஊகம் எது என்பது நூலில் விளங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்துவது. அப்பாணன் கையில் இருந்த யாழ் பின்னாளில் வழக்கொழிந்தது. அதன் உருவும் ஒலியும் எத்தகையன? ஈழத்துக் காரைதீவில் 1892-இல் பிறந்த விபுலாநந்த அடிகள் இவ்வினாவுக்கு விடை தேடிப் பல ஆண்டுகள் உழைத்தார். அறிவியல் கற்ற அவர், சிலப்பதிகாரம் முதலிய நூல்களின் இசைக்குறிப்புகளைக் கணக்கோடு பொருத்தி ஆராய்ந்தார். 1947-ஆம் ஆண்டு சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அவருடைய ‘யாழ் நூல்’ அரங்கேறியது. அடுத்த திங்களே அவர் மறைந்தார். அவருடைய முடிபுகளில் சிலவற்றைப் பின்வந்தோர் ஏற்கலாம், சிலவற்றை மறுக்கலாம். ஆனால், அவர் கணக்கைக் காட்டிச் செல்வதால், மறுப்பவரும் அவர் சென்ற வழியில் நடந்து பார்த்தே மறுக்க முடிகிறது. வழியைக் காட்டாமல் முடிவை மட்டும் தரும் நூலுக்கு அந்த நேர்மை இல்லை.

இவ்விடத்தில் சிலர், ‘கோயிலும் சேலையும் கண்முன் இருக்கும்போது நூல் எதற்கு?’ என்று கேட்பர். கண் மட்டும் போதுமாயின் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர் அத்தனைக் காலம் படிக்கப்படாமல் இருந்திராது. வேறு சிலர், ‘இந்நூல்கள் எங்களுக்குக் கடினமானவை’ என்பர். அது ஓரளவு உண்மையே. மீனாட்சி அம்மையாரின் நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. யாழ் நூல் அறிஞர்க்கும் எளிதன்று. ஆனால் படிப்படியாக ஏறிச் செல்ல நல்ல வழி உண்டு. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய மயிலை சீனி. வேங்கடசாமி 1956-இல் வெளியிட்ட ‘தமிழர் வளர்த்த அழகுக்கலைகள்’ என்னும் நூல், கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து முதலிய கலைகளை எளிய தமிழில் அறிமுகம் செய்கிறது. அதனைக் கொண்டு தொடங்கலாம். பின்னர் மா. இராசமாணிக்கனாரின் ‘பல்லவர் வரலாறு’ போன்றவற்றுக்குச் செல்லலாம். நூல் வெளிவந்த ஆண்டையும் நோக்க வேண்டும். பழைய நூலுக்குப் பின் புதிய கல்வெட்டுகள் கிடைத்திருக்கக்கூடும். ஆகவே, ஒரே பொருளைப் பற்றி இரு நூல்களை ஒப்பிட்டுப் படிப்பது நல்ல பழக்கம்.

பணம் இல்லையே என்று எவரும் வருந்தவேண்டுவதில்லை. 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொதுநூலகச் சட்டம், இந்திய நாட்டின் மாநிலங்களுள் முதன்முதல் வந்த நூலகச் சட்டங்களுள் ஒன்று. அதன் பயனாக ஊர்தோறும் நூலகங்கள் எழுந்தன. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் மேற்கூறிய பழைய நூல்கள் பலவற்றைக் கட்டணமின்றிப் படிக்க முடிகிறது. நூல் கிடைப்பது எளிதாகிவிட்ட இக்காலத்தில், தேர்ந்தெடுப்பதே அரிய வேலையாயிற்று.

மாணவர்களே! இறுதியாக ஒன்று கூறுவேன். கற்கோயிலைப் பற்றி நூல்கள் பல உள்ளன. அரசரைப் பற்றி மேலும் பல உள்ளன. ஆனால், காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் தறியில் அமர்ந்து கோர்வை நெய்யும் ஒருவரின் அறிவு பெரும்பாலும் அவர் விரல்களிலேயே இருக்கிறது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-இல் கிடைத்தது. அது பெயரைக் காக்கும். விரல்களில் உள்ள அறிவைக் காக்க எழுத்து வேண்டும். நெசவாளர் பிள்ளைகள் பலர் இன்று வேறு தொழில்களை நாடிச் செல்கின்றனர். கரையின் ஒவ்வொரு பூவுக்கும் வழங்கும் பெயரும், பாவு தோய்க்கும் பக்குவமும், நாடா மாறும் கணக்கும் கேட்டு எழுதுவார் இன்றி மறையக்கூடும்.

உங்கள் பாட்டனார் நெசவாளராகவோ, தச்சராகவோ, நாதசுரக் கலைஞராகவோ இருக்கலாம். அவரருகில் அமர்ந்து கேளுங்கள். கண்டதைக் கண்டவாறும், கேட்டதைக் கேட்டதென்றும், அறியாததை அறியாததென்றும் எழுதுங்கள். நல்ல நூலைத் தேரக் கற்றவர், ஒருநாள் நல்ல நூல் ஒன்றை நெய்யவும் கற்பர். அதன் மறுபுறத்தைத் திருப்பிப் பார்ப்பவரும் குறை காணார்.