நிறம் போனா தண்ணி சுத்தமாயிடுமா?

வருஷம் தவறாம ஒரு செய்தி வந்துடும், கவனிச்சிருப்பீங்க. "சாயக்கழிவு நீரைச் சுத்தமாக்கும் புதிய நானோ வினையூக்கி, 99 சதவீதம் வெற்றி!" கூடவே ரெண்டு பீக்கர் படம். ஒண்ணுல நீலத் தண்ணி, பக்கத்துல கண்ணாடி மாதிரி தண்ணி.

விஞ்ஞானம் பொய் இல்லீங்க. டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைத் தண்ணியில கலந்து புற ஊதா ஒளியைக் காட்டினா ஹைட்ராக்சில் ரேடிக்கல்னு ஒரு சங்கதி உருவாகும். மகா முரடன். எதிர்ல வர்ற சாய மூலக்கூறை உடைச்சுத் தள்ளிடும். என் சந்தேகமெல்லாம் அந்த 99 மேலதான். பெரும்பாலும் அது நிறம் எவ்வளவு குறைஞ்சதுன்னு ஒளியை விட்டு அளந்த கணக்கு. அசோ சாயத்துல ரெண்டு நைட்ரஜனுக்கு நடுவுல இருக்கற பிணைப்பு அறுந்தாலே நிறம் காணாமப் போயிடும். மிச்சத் துண்டுகள் தண்ணியிலயேதான் கிடக்கும். மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு இறங்குச்சுன்னு பாருங்க, பல நேரம் அந்த எண் ரொம்ப அடக்கமா இருக்கும் :-)

அப்புறம் அந்த பீக்கர் நீலம். பாதிக் கட்டுரைகள்ல அது மெத்திலீன் புளூ, அதுவும் வடிகட்டின தண்ணியில. திருப்பூர் பனியனுக்குப் போடறது ரியாக்டிவ் சாயம். அது பருத்தியில ஏற உப்பு வேணும், பிடிக்க சோடா வேணும். அடர் நிறம்னா லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலயே உப்பு போடுவாங்க. கடல் தண்ணியிலயே சுமாரா 35 கிராம்தான்! இந்த உப்பும் சோடாவும் நம்ம முரடனை வழியிலயே மடக்கிடும். தண்ணி கறுப்பா இருந்தா ஒளியும் உள்ள போகாது. கடைசியா நிறத்தை எடுத்தாலும் உப்பு அப்படியே இருக்கும். எந்த வினையூக்கியாலயும் உப்பை உடைக்க முடியாது.

நொய்யல் பக்கத்து விவசாயியைக் கேளுங்க. 1992-ல பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணித் தொட்டியாச்சு. "தண்ணியைத் திறந்து விடாதீங்க"ன்னு விவசாயியே சொன்ன அணை வேற எங்கயாவது உண்டா? நிலத்தையும் கிணத்தையும் கெடுத்ததுல பெரிய பங்கு உப்புக்கு. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், ஒரு சொட்டுக் கழிவும் வெளிய விடக்கூடாதுங்கற விதியை அவங்க நிறைவேத்தலைங்கறதுக்காகத்தான்.

அதனால ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் இல்லாம அங்க கதை நடக்காது. கரன்ட் செலவு, குவியற கழிவு உப்புன்னு அதுலயும் ஆயிரம் தலைவலி. வினையூக்கிக்கு வேலையே இல்லைன்னு சொல்ல வரலை. ஆர்.ஓ.வுக்கு முன்னாடி கரிமக் கழிவைக் குறைச்சுக் கொடுத்தா சவ்வு சீக்கிரம் அடைக்காது. அது உருப்படியான வேலை.

ஆராய்ச்சி பண்ற தம்பி தங்கச்சிகளுக்கு ஒண்ணே ஒண்ணு. வடிகட்டின தண்ணியை விட்டுட்டு, பட்டறையில சாயம் போட்டு வெளிய வர்ற அந்தக் கறுப்புத் தண்ணியை ஒரு கேன்ல பிடிச்சிட்டு வந்து செஞ்சு பாருங்க. 99 வராது. 40 வந்தாலும் அந்தக் கட்டுரையை நான் முழுசா உட்கார்ந்து படிப்பேன்.