ஆளில்லாத கடற்கரைன்னு ஒண்ணு எங்க ஊர்ல இல்லைங்க

மரக்காணம் பக்கத்துல இருக்கேன்னு தெரிஞ்சதுல இருந்து சென்னைக்காரங்க போன் போட்டுக் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "அண்ணே, உங்க பக்கம் ஒதுக்குப்புறமா, கடலை ஒட்டி, நல்ல ஈகோ ரிசார்ட் இருந்தா சொல்லுங்களேன். கூட்டமே இருக்கக் கூடாது." கேக்குறவங்க நல்லவங்கதான். பிளாஸ்டிக் பாட்டில் வேணாம்னு துணிப்பையும் எவர்சில்வர் பாட்டிலும் தூக்கிட்டு வர்றவங்க. அவங்களுக்குத்தான் இதை எழுதுறேன். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல அந்த "ஒதுக்குப்புறம்"ங்கிற வார்த்தையை எடுத்துக்குவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில எந்த இடமும் ஆளில்லாத இடம் கிடையாது. மீனவர் குப்பம் இருக்கும், உப்பளம் இருக்கும், சவுக்குத் தோப்பு இருக்கும், உள்ள தள்ளி எங்களை மாதிரி நெல்லும் மல்லாட்டையும் போடுற ஊர் இருக்கும். மல்லாட்டைன்னா நீங்க சொல்ற வேர்க்கடலை. கடலுக்கும் ஊருக்கும் நடுவுல வண்டிப்பாட்டை ஓடும். அந்தப் பாட்டையில மீன் கூடை வரும், மாடு மேயப் போகும், கரும காரியத்துக்குக் கடலுக்குப் போவோம், மாசி மகத்துக்கு சாமி போகும். இத்தனை பேர் நடக்குற இடத்துல, நீங்க போய் நிக்கும்போது மட்டும் யாரும் இல்லைன்னா என்ன அர்த்தம்? யாரோ எங்களை நிறுத்தி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். நீங்க ராத்திரிக்கு எட்டாயிரம் குடுத்து வாங்குற தனிமை எங்க பாட்டையை அடைச்சு உண்டாக்கினதுங்க.

எங்க ஊருல அதுதான் நடந்துச்சு. பேர் சொல்ல விரும்பல. ஒரு ரிசார்ட் வந்துச்சு, கம்பிவேலி வந்துச்சு, வேலி மேல அழகா காகிதப்பூக் கொடி ஏறிச்சு. ஒரு மாசி மகத்தன்னைக்கு திரௌபதியம்மனைத் தூக்கிட்டுப் போனப்போ கேட்டு பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேன் பக்கத்து ஊர்ப் பையன், பாவம். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "கெஸ்ட் இருக்காங்க பெரியவரே, சுத்திப் போயிடுங்க"ன்னான். ரெண்டு கிலோமீட்டர் சுத்தித்தான் சாமி தீர்த்தவாரிக்குப் போச்சு. அன்னைக்கு உள்ள இருந்த கெஸ்ட்டுக்கு மேளச் சத்தம் மட்டும் தூரத்துல கேட்டிருக்கும். கிராமிய வாசனைன்னு ரசிச்சிருப்பாங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். 1991-ல மத்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு போட்டுச்சு. அதுல கடற்கரை ரிசார்ட்டுக்குன்னே தனி விதிகள் உண்டு. ஜனங்க கடலுக்குப் போறதுக்கு ரெண்டு ரிசார்ட்டுக்கு நடுவுல குறைஞ்சது 20 மீட்டர் அகலத்துக்கு வழி விடணும். வேலி போட்டாலும் ஜனங்க போறதுக்குத் தடையா இருக்கக் கூடாது. உயர்அலைக் கோட்டுல இருந்து 200 மீட்டருக்குள்ள நிலத்தடித் தண்ணி எடுக்கக் கூடாது. 200-ல இருந்து 500 மீட்டர் வரைக்கும் நிலத்தடி நீர் வாரியத்தோட ஒப்புதல் இருந்தாத்தான் எடுக்கலாம். மணல் மேட்டைத் தட்டி சமமாக்கக் கூடாது. அந்த அறிவிப்பை 2011-ல மாத்தினாங்க, 2019-ல திரும்ப மாத்தினாங்க. 2019-ல வந்ததுல, ஜன நெருக்கம் அதிகமான கிராமப்புறக் கடற்கரையில கட்டடம் கூடாதுங்கிற 200 மீட்டரை 50 மீட்டராக் குறைச்சிட்டாங்க. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல இருந்தா நெருக்கமாம். ஜனம் அதிகமா இருக்குற இடத்துலதான் கட்டடம் கடலுக்குக் கிட்ட போகலாம்னு கணக்கு.

"பிரைவேட் பீச்"னு விளம்பரத்துல பார்த்தா உடனே சந்தேகப்படுங்க. அலை வந்து போற மணலுக்கு யார் பேர்லயும் பட்டா கிடையாது.

அடுத்தது "ஈகோ". மூங்கில் கூரை, கீத்துக் கொட்டகை, மண் சுவர், இதெல்லாம் பார்த்தா ஈகோன்னு நம்பிடுறீங்க. எங்க அப்பா காலத்துல எங்க ஊரே ஈகோதான். கீத்து வீட்டுல இருந்தோம், ரெண்டு வருசத்துக்கு ஒரு தரம் கூரை மாத்தினோம், தீப்பிடிச்சா ஓடினோம். அரசாங்கமே குடிசை இருக்கக் கூடாதுன்னு திட்டம் போட்டு காங்கிரீட் வீடு கட்டிக் குடுக்குது. நாங்க விட்டுட்டு வந்த கீத்தை ஏசி மாட்டி உங்களுக்கு விக்கிறாங்க. விக்கட்டும், அதுல எனக்குக் கோபம் இல்ல. கூரை எதுல போட்டிருக்குன்னு பார்க்குறீங்களே, அதுக்கு அடியில தண்ணி எங்க இருந்து வருது, எங்க போகுதுன்னு ஏன் பார்க்க மாட்டேங்குறீங்கங்கிறதுதான் என் கோபம்.

கடலோர மணல்ல தண்ணி எப்படி நிக்குதுன்னு தெரிஞ்சா விசயம் விளங்கும். ஐப்பசி, கார்த்திகை மழை மணல்ல இறங்கி, கீழ இருக்குற உப்புத் தண்ணி மேல மிதக்குது. நல்ல தண்ணி லேசு, கடல் தண்ணி கனம், அதனால மிதக்குது. பாண்டிச்சேரியில நடந்த ஒரு கூட்டத்துல நிலத்தடி நீர் படிச்ச தம்பி ஒருத்தர் போர்டுல படம் போட்டுக் காட்டினார். கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நின்னா, கடல் மட்டத்துக்குக் கீழ நாற்பது அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்குமாம். அந்தக் கணக்கைத் தலைகீழாப் பாருங்க. மேல ஒரு அடி உறிஞ்சினா, கீழ இருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும். நூறு வருசத்துக்கு முன்னாடியே ஒரு டச்சுக்காரரும் ஒரு ஜெர்மன்காரரும் தனித்தனியா கண்டுபிடிச்ச கணக்கு இது. கரையோரம் 200 மீட்டருக்குள்ள மோட்டார் வைக்காதேன்னு சட்டம் சொன்னது சும்மா இல்லைங்க.

"நீங்களும்தானே போர் போட்டு இறைக்கிறீங்க? ரிசார்ட்டை விட விவசாயிதானே அதிகம் எடுக்குறான்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, கணக்கோடவே பதில் சொல்றேன். பத்து மீட்டர் நீளம், அஞ்சு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்துல நீச்சல் குளம்னா 75,000 லிட்டர். நான் ஒரு ஏக்கருக்கு ரெண்டு அங்குலம் தண்ணி கட்டினா ரெண்டு லட்சம் லிட்டர். அளவுல நான்தான் பெரிய ஆள். ஆனா என் கழனி கடல்ல இருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ள இருக்கு. நான் கட்டுற தண்ணியில ஒரு பங்கு திரும்ப மண்ணுக்குள்ளயே இறங்குது. மழைக்காலத்துல என் மோட்டார் தூங்குது. அவங்க போர் இருக்குறது கடலுக்கும் எங்களுக்கும் நடுவுல. அந்த மணல் மேட்டுத் தண்ணிதான் கடலை அந்தப் பக்கமே நிறுத்தி வைக்கிற கதவு. கோடையில, எல்லாக் கிணறும் இறங்கிக் கிடக்குற சித்திரை வைகாசியிலதான் உங்களுக்கு லீவு, அவங்களுக்கு சீசன். கதவு பலவீனமா இருக்குற நேரம் பார்த்து அதைப் பிடிச்சு இழுக்குறாங்க.

மார்கழிப் பட்டத்துல மல்லாட்டை போடுறவன் நான். ரெண்டு வருசமா பங்குனியில இலை ஓரம் கருகுது. தண்ணியைப் பரிசோதனைக்குக் குடுத்தேன், உப்பு கூடியிருக்குன்னு சீட்டு வந்துச்சு. எல்லாத்துக்கும் அந்த ஒரு ரிசார்ட்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எங்க போரும் ஆழமாயிட்டுப் போகுது, மழையும் ஒரே மூச்சுல கொட்டிட்டுப் போயிடுது. ஆனா உப்பு ஏறுற ஊருல, கடலுக்கும் கழனிக்கும் நடுவுல புல்தரை வளர்த்து அதுக்கு ஸ்பிரிங்ளர்ல தண்ணி அடிக்கிறதுக்குப் பேர் ஈகோன்னா, அந்த வார்த்தைக்கு மரியாதை என்ன?

புல்தரைன்னதும் இன்னொண்ணு. கடற்கரை மணல்ல தானா வளர்றது அடும்புக் கொடி, ராவணன் மீசைப் புல், தாழம்புதர். யாரும் தண்ணி ஊத்த வேணாம். காத்துல பறக்குற மணலைப் பிடிச்சு வச்சு மேடாக்குறது இதுங்கதான். ரிசார்ட் வந்தவுடனே முதல் வேலையா "சுத்தம்" பண்றது இதைத்தான். ராவணன் மீசை கால்ல குத்துமாம், தாழம்புதர்ல பாம்பு இருக்குமாம். அதைப் பிடுங்கி, மேட்டைத் தட்டி, கடல் தெரியிற மாதிரி அறை கட்டுறாங்க. அறையில இருந்து கடல் தெரிஞ்சா கடலுக்கும் அறை தெரியும்ங்க. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்தவங்க நாங்க. 2011 டிசம்பர்ல தானே புயல், 2024 நவம்பர்ல ஃபெஞ்சல், ரெண்டும் எங்க பக்கம்தான் கரையேறுச்சு. மணல் மேடு எங்களுக்கு வேடிக்கைப் பொருள் இல்ல, சுவர்.

விளம்பரத்துல "அடர்ந்த காட்டுக்குள்"னு போடுறாங்களே, அந்தக் காட்டைப் பத்தியும் சொல்லிடுறேன். அது சவுக்குத் தோப்பு. வெளிநாட்டுல இருந்து வந்த மரம், நாலஞ்சு வருசத்துல வெட்டி சாரத்துக்கும் அடுப்புக்கும் விக்க நாங்க நட்டது. காடுன்னு நம்பி அதுக்குள்ள தியானம் பண்றீங்க. பண்ணுங்க, தப்பில்ல.

வெளிச்சம் ஒரு பெரிய கொடுமை. தையில இருந்து பங்குனி வரைக்கும் பங்குனி ஆமை எங்க கரையில ஏறி முட்டை வைக்கும். ஒன்றரை மாசம் கழிச்சு குஞ்சு பொரிச்சு ராத்திரியில வெளிய வரும். எந்தப் பக்கம் வானம் வெளிச்சமா இருக்கோ அதுதான் கடல்னு நினைச்சு அந்தப் பக்கம் போகும். கரையோரம் கலர் லைட் போட்டா குஞ்சு கடலுக்குப் போகாம அந்த லைட்டைப் பார்த்து வந்து காலையில வெயில்ல காய்ஞ்சு கிடக்கும், இல்லன்னா நாய் தூக்கிட்டுப் போகும். சென்னையில காலேஜ் பிள்ளைங்க 1988-ல இருந்து ராத்திரி ராத்திரியா நடந்து முட்டையைக் காப்பாத்துறாங்க. இங்க ரிசார்ட் சுவத்துல ஆமைப் படம் வரைஞ்சிருக்கு, அந்தப் படத்து மேலயே ஃபோகஸ் லைட் அடிக்குது.

"வேலைவாய்ப்பு குடுக்குறாங்களே"ம்பீங்க. குடுக்குறாங்க, மறைக்கல. என் அக்கா பேத்தி அங்கதான் அறை கூட்டுறா. தோட்டம், வாட்ச்மேன், பாத்திரம் கழுவுறது எங்க ஊருக்கு. கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றது வெளியூருக்கு. மெனுவுல "உள்ளூர் விளைச்சல்"னு இருக்கும், காய்கறி டெம்போ பாண்டியில இருந்து வரும். எங்க கத்திரிக்காய் ஒரு நாள் கூட அந்தக் கேட்டைத் தாண்டினதில்ல.

இதெல்லாம் மாத்தவே முடியாதுன்னு நினைக்காதீங்க. கேரளாவுல ஆலப்புழை மாவட்டம், வேம்பநாட்டுக் காயல்ல நெடியதுருத்துன்னு ஒரு தீவு. அங்க 54 வில்லாவோட பெரிய சொகுசு ரிசார்ட் கட்டினாங்க. தண்ணிக்குள்ள கழி நட்டு வலை கட்டிப் பிழைச்ச மீனவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2020 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொல்லிடுச்சு, 2022 செப்டம்பர்ல இடிக்க ஆரம்பிச்சாங்க. வலை கட்டுறவன் ஜெயிச்சான். ஆனா கட்டுறதுக்கு முன்னாடியே, அங்க போய்த் தங்க நினைக்கிறவங்க நாலு கேள்வி கேட்டிருந்தா, அத்தனை காங்கிரீட்டைக் கொட்டி அப்புறம் அள்ள வேண்டி இருந்திருக்காது.

அதனால அறை போடுறதுக்கு முன்னாடி போன்ல கேளுங்க. தண்ணி எங்க இருந்து எடுக்குறீங்க, போர் கடல்ல இருந்து எத்தனை மீட்டர்? கழிவுத் தண்ணி எங்க போகுது? செப்டிக் டேங்க்னு சொன்னா, மணல்ல அது எவ்வளவு வேகமா நிலத்தடித் தண்ணிக்கு இறங்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. ஆமை சீசன்ல ராத்திரி கரையோர லைட்டை அணைப்பீங்களா? கடைசியா, ஊர் ஜனம் கடலுக்குப் போற வழி எது, அது திறந்திருக்கா? ஏசி இருக்கா, வைஃபை இருக்கான்னு கேக்கத் தெரிஞ்ச உங்களுக்கு இதைக் கேக்கத் தெரியாதா? நான் கேட்டா "பெரியவரே, தள்ளி நில்லுங்க"ம்பாங்க. காசு குடுக்குற நீங்க கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்.

நல்ல பதில் சொல்ற இடமும் இருக்கும். சின்னதா, மழைத் தண்ணியைச் சேர்த்து, புல்தரை போடாம, தாழையை வெட்டாம, கேட்டைப் பூட்டாம நடத்துற ஆளுங்க இருந்தா தாராளமாப் போய்த் தங்குங்க. அங்க கூட்டம் இருக்கும். மாடு குறுக்க வரும், வலை காயும், மீன் கவுச்சி அடிக்கும், விடிகாலையில மூணு மணிக்கு எஞ்சின் போட்டு போட்டு கிளம்பும். தூக்கம் கெடும். கடற்கரைன்னா அதுதாங்க.