வெப்பத்தை எதிர்கொள்ள அறிவுரை போதாது; சட்டமும் நிதியும் வேண்டும்

2024 ஜூன் 1 அன்று மக்களவைத் தேர்தலின் ஏழாவது கட்ட வாக்குப்பதிவு நடைபெற்றது. அன்று உத்தரப்பிரதேசத்தில் மட்டும் தேர்தல் பணியில் இருந்த 33 பேர் கடும் வெப்பத்தால் உயிரிழந்ததாக அம்மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி அறிவித்தார். ஊர்க்காவல் படையினரும் துப்புரவுப் பணியாளர்களும் அவர்களில் அடங்குவர். நண்பகலில் வெளியே செல்ல வேண்டாம் என்று மக்களுக்கு அறிவுரை கூறிய அதே அரசு இயந்திரம்தான் அவர்களை வெயிலில் பணிக்கு நிறுத்தியிருந்தது.

அந்த ஆண்டு மார்ச் முதல் ஜூன் நடுப்பகுதி வரை 40,000க்கும் மேற்பட்டோர் வெப்பத் தாக்குதலுக்கு உள்ளானதாகச் சந்தேகிக்கப்பட்டது என்றும், 110 பேர் இறந்தனர் என்றும் ஒன்றிய சுகாதாரத்துறையின் கணக்கு கூறியது. உண்மையான எண்ணிக்கை இதைவிட மிக அதிகம் என்பதில் ஐயமில்லை. வெப்பத்தால் இதயமும் சிறுநீரகமும் செயலிழந்து இறப்பவர்களின் சான்றிதழில் வெப்பம் என்ற சொல் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 2010 மே மாதம் அகமதாபாத் நகரில் வெப்ப அலை வீசியபோது, வழக்கமான அளவைவிடக் கூடுதலாக 1,344 மரணங்கள் நிகழ்ந்திருந்ததை ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டுக் காட்டினர்.

அந்தப் பேரிழப்பிலிருந்து பாடம் கற்று, 2013இல் அகமதாபாத் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றை உருவாக்கியது. முன்னெச்சரிக்கை, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, குடிநீர் ஏற்பாடு ஆகியவை உயிர்களைக் காத்தன. முறையான திட்டமிடல் பலன் தரும் என்பதற்கு இது சான்று. ஆனால் நாடெங்கும் பரவிய பிந்தைய திட்டங்கள் பெரும்பாலும் காகிதத்திலேயே நிற்கின்றன. 2023இல் கொள்கை ஆராய்ச்சி மையம் 18 மாநிலங்களின் 37 திட்டங்களை ஆராய்ந்தது. அவற்றில் 11 மட்டுமே நிதி எங்கிருந்து வரும் என்பதைப் பற்றிப் பேசின. யார் அதிகம் பாதிக்கப்படுவர் என்ற மதிப்பீட்டை வெளிப்படையாகச் செய்தவை இரண்டே இரண்டு.

நிதிக்குப் பஞ்சம் ஏன்? மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு 15ஆவது நிதிக்குழுக் காலத்தில் பொருந்திய பட்டியலில் 12 பேரிடர்கள் இருந்தன. குளிர் அலை அதில் இருந்தது. வெப்ப அலை இருக்கவில்லை. ஒடிசா, கேரளம், தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் இதை மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளன. ஆயினும், அதற்காக நிவாரண நிதியில் 10 சதவீதத்துக்கு மேல் அவை செலவிட முடியாது. 2015இல் தொடங்கப்பட்ட தேசியத் தகவமைப்பு நிதியின் கீழ் 27 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலுமாக அனுமதிக்கப்பட்டவை 30 திட்டங்கள். அவற்றின் மொத்த மதிப்பு சுமார் ரூ.847 கோடி. 2010 முதல் நிலக்கரி மீது தூய எரிசக்தியின் பெயரால் வசூலிக்கப்பட்டு, டன்னுக்கு ரூ.400 வரை உயர்ந்த மேல்வரியோ, 2017இல் ஜிஎஸ்டி இழப்பீட்டுக் கணக்கில் கரைக்கப்பட்டது.

இதே அரசு, உமிழ்வைக் குறைக்கும் இலக்குகளை உலக அரங்குகளில் உரக்கப் பேசுகிறது: 2030க்குள் 500 ஜிகாவாட் புதைபடிவமல்லாத மின்திறன், 2070இல் நிகர பூஜ்யம். அந்த இலக்குகள் தேவையானவையே. ஆனால் அவற்றில் ஏலம் உண்டு, நிலம் உண்டு, கார்ப்பரேட்டுகளுக்கு உறுதியான லாபம் உண்டு. செங்கல் சூளைத் தொழிலாளிக்கு நிழலும் ஓய்வும் அளிப்பதில் எந்த முதலாளிக்கும் லாபம் இல்லை, செலவுதான். எனவே, தணிப்புக்கு முதலீடு தேடி வருகிறது. தகவமைப்பு துண்டறிக்கையோடு நின்றுவிடுகிறது.

"பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்லாதீர்" என்ற அறிவுரை, தன் வேலை நேரத்தைத் தானே முடிவு செய்யக்கூடியவருக்கே பொருந்தும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கும், கட்டுமானத் தளத்தின் தினக்கூலிக்கும், உணவு விநியோகிக்கும் இளைஞருக்கும் மூன்று மணி நேர ஓய்வு என்பது மூன்று மணி நேரக் கூலி இழப்பு. வெப்பத்தால் இந்தியா 2030இல் மொத்த வேலை நேரத்தில் 5.8 சதவீதத்தை, அதாவது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்கு இணையான உழைப்பை இழக்கும் என்று 2019இலேயே சர்வதேச தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது. அந்த இழப்பை யார் சுமப்பது என்பதே மையமான கேள்வி. சட்டம் தலையிடாத வரை தொழிலாளியே சுமப்பார்; கூலியால் அல்லது உயிரால்.

ஆட்சியாளர்களோ எதிர்த்திசையில் செல்கின்றனர். 2020இல் நிறைவேற்றப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, மின்சாரம் பயன்படுத்தும் தொழிற்சாலை என்பதற்கான வரம்பை 10 தொழிலாளர்களிலிருந்து 20 ஆக உயர்த்தியது. காற்றோட்டமும் வெப்பமும் குறித்த பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் சிறு பட்டறைகள் இதனால் தொழிற்சாலை என்ற வரையறையிலிருந்தே வெளியேற்றப்படுகின்றன.

வளர்ந்த நாடுகளின் பொறுப்பை இங்கே மறந்துவிட முடியாது. 2024 நவம்பரில் பாகு மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கோரின. 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற வாக்குறுதியே கிடைத்தது. வரலாற்றில் மிக அதிகமாக உமிழ்ந்த அமெரிக்கா, பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து மீண்டும் விலகுவதாக 2025 ஜனவரியில் அறிவித்துவிட்டது. ஏகாதிபத்தியத்தின் இந்தத் துரோகத்தை எதிர்த்துப் போராட வேண்டும். அதேநேரத்தில், உலகில் நியாயம் கோரும் அரசு உள்நாட்டிலும் அதே நியாயத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்.

வெப்ப அலையைத் தேசியப் பேரிடர் பட்டியலில் சேர்த்துத் தனி நிதி ஒதுக்க வேண்டும். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் கூலி இழப்பின்றி வேலையை நிறுத்தும் உரிமை சட்டமாக வேண்டும்; அது ஒப்பந்த, துண்டுக்கூலி, கிக் தொழிலாளர்களுக்கும் பொருந்த வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியங்களில் பல்லாயிரம் கோடி ரூபாய் செலவிடப்படாமல் கிடக்கிறது. அதிலிருந்து வெப்ப நாட்களுக்கான கூலி ஈட்டை வழங்கலாம். உள்ளாட்சிகளின் வெப்பச் செயல்திட்டங்களைத் தொழிற்சங்கங்களும் அமர்ந்து வகுக்க வேண்டும். இறப்புகளை மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும்.

எட்டு மணி நேர வேலையை எந்த முதலாளியும் தானாக வழங்கிவிடவில்லை. வெயிலில் உயிரோடு உழைக்கும் உரிமையும் அவ்வாறே போராடிப் பெறப்பட வேண்டியது. தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் இயக்கங்களும் இக்கோரிக்கையைத் தங்கள் சாசனத்தின் முன்வரிசையில் வைத்துக் களமிறங்க வேண்டிய தருணம் இது.