மாத்திரையை ஏன் நிறுத்தினார்?

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்சார ரயிலில், குரோம்பேட்டையைத் தாண்டியதும் ஒரு சிறிய நிலையம் வரும். பெயர்ப் பலகையில் 'தாம்பரம் சானடோரியம்' என்று எழுதியிருக்கும். சானடோரியம் என்றால் என்ன என்று எங்கள் கல்லூரி முதலாண்டு மாணவர்களைக் கேட்டேன். தினமும் அங்கே இறங்குகிறவர்களுக்கே தெரியவில்லை. ஏதோ ஊர்ப் பெயர் என்றார்கள்.

ஊர்ப் பெயர் அல்ல. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், நோயாளிகளை நல்ல காற்றும் வெயிலும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் தங்கவைத்து, ஓய்வும் உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். அத்தகைய மருத்துவமனைக்குத்தான் சானடோரியம் என்று பெயர். டாக்டர் சௌரி முத்து என்பவர் 1928-ல் பன்னிரண்டு படுக்கைகளுடன் இதைத் தொடங்கினார். 1937-ல் அரசு ஏற்றுக்கொண்டது. (கணித மேதை இராமானுஜம் 1917-ல் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது அவரைக் கவனித்த மருத்துவர்களுள் இந்த முத்துவும் ஒருவர்.)

பிறகு மருந்துகள் வந்தன. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின், 1952-ல் ஐசோனையசிட். அப்போது ஒரு கேள்வி எழுந்தது: மருந்து இருக்கும்போது சானடோரியம் எதற்கு? இதற்கு விடை காண 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றப் பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். சாப்பாடும் குறைவு, இடமும் நெருக்கடி. ஆனாலும் அவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். அவர்களுடைய வீட்டாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றிவிட்டது. முக்கியமானது படுக்கையல்ல, மருந்தை விடாமல் சாப்பிடுவதே என்று தெரிந்தது.

இங்கேதான் புதிய சிக்கல். சானடோரியத்தில் மருந்து கொடுக்க நர்ஸ் உண்டு. வீட்டில்? இன்று வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்திலேயே இருமல் நின்று, உடம்பு தேறிவிடும். ஆனால் கிருமிகள் முழுதும் ஒழிந்திருக்காது. அந்நிலையில் மருந்தை விட்டுவிட்டால் நோய் திரும்பலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் உருவாகலாம். இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒருவர் மருந்தை ஏன் நிறுத்துகிறார்?

சேலையூரில் எங்கள் தெருவுக்குப் பின்புறம் குடியிருக்கும் ஒருவர் மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிட்டார். பம்மலில் ஒரு தோல் பட்டறையில் வேலை செய்பவர். அவர் மனைவி என் மனைவியிடம் அழுதுகொண்டே சொன்னார். எனக்கு உடனே தோன்றியது இதுதான்: பொறுப்பில்லாத மனிதர்.

அந்த வாரம் என்னிடம் சந்தேகம் கேட்க வந்த மூன்று மாணவர்களிடம், ஆளைக் குறிப்பிடாமல் இதைச் சொன்னேன். 'ஒத்துணர்வு வரைபடம்' என்ற முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் டேவ் கிரே என்பவர் உருவாக்கியது. ஒரு தாளின் நடுவே ஒரு முகம் வரைந்து, சுற்றிலும் நான்கு கட்டங்கள் போட வேண்டும்: அவர் சொல்வது, நினைப்பது, செய்வது, உணர்வது. வாடிக்கையாளர் மனத்தை அறிய வியாபார நிறுவனங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. வியாபாரிகளின் கருவி என்பதற்காக நாம் ஒதுக்க வேண்டியதில்லை. தராசும் வியாபாரிகளுடையதுதானே!

பத்து நிமிடத்தில் தாள் நிறைந்தது. சொல்வது: 'உடம்பு தேறிடுச்சு.' நினைப்பது: இனி மருந்து எதற்கு? செய்வது: மாத்திரையை நிறுத்தினார். உணர்வது: அலட்சியம்.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "சார், இதுல எது அவர் சொன்னது, எது நாமளா எழுதினது?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் மனைவி மூலம் கேள்விப்பட்ட இரண்டு கட்டங்களைத் தவிர மற்றவை எங்கள் கற்பனை. ஆய்வுக்கூடத்தில் மீட்டரைத் தொடாமலே அளவீடுகளை எழுதி வரும் மாணவனின் ரெக்கார்டு நோட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. இங்கே நானே அதைச் செய்திருக்கிறேன்.

இந்த முறையைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் இடம் இதுதான். 'அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்' என்று நாம் எல்லோரும் அறிவுரை சொல்கிறோம். அப்படிக் கற்பனை செய்வதால் பிறர் மனத்தை உண்மையிலேயே சரியாக அறிய முடிகிறதா என்று மூன்று உளவியலாளர்கள் இருபத்தைந்து சோதனைகள் நடத்தி 2018-ல் வெளியிட்டார்கள். கற்பனை செய்தவர்களின் கணிப்பு மேம்படவில்லை. நேரே பேசிக் கேட்டவர்களின் கணிப்புத்தான் மேம்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போய் அவருடன் டீ குடித்தேன். அரைமணி நேரம் மழை, பட்டறை, பிள்ளையின் படிப்பு என்று பேச்சு ஓடியது. பிறகு அவரே சொன்னார். அந்த மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு கலந்த சிவப்பாக்கும். அது கெடுதல் அல்ல.

"மருத்துவமனையில் இதைச் சொல்லவில்லையா?" என்றேன்.

"சொன்னாங்க சார், பயப்படாதீங்கன்னு. எனக்குப் பயம் இல்ல. எங்க வீட்டுல எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். தண்ணி ஒரு வேளைதான் வரும். செவப்பாக் கெடக்கறதைப் பார்த்தா என்ன வியாதின்னு கேப்பாங்க. காலி பண்ணுன்னு சொல்லிட்டா, இன்னொரு எடத்துல அட்வான்ஸ் குடுக்க எங்க போவேன்?"

இரண்டு மாதமாக அவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, யாரும் வருமுன் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். இந்த மனிதரைத்தான் நாங்கள் 'அலட்சியம்' என்று எழுதியிருந்தோம். எங்கள் வீட்டுக் கழிவறையில் பித்தானை அமுக்கினால் தண்ணீர் கொட்டும். அந்த வீட்டில் உட்கார்ந்து ஆயிரம் படம் வரைந்தாலும் அந்த வாளி எங்களுக்குத் தோன்றியிருக்காது.

அதற்காக அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. இயற்பியலில் குறிப்பாயம் என்று படிப்பீர்கள். ஓடும் ரயிலில் இருப்பவருக்கு ஒரு வேகம் தெரியும், நடைமேடையில் நிற்பவருக்கு வேறு வேகம் தெரியும், இரண்டும் உண்மை. ஆனால் இரண்டு ரயில்கள் மோதினவா இல்லையா என்பது எந்தக் குறிப்பாயத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். மருந்தை விட்டதற்கு எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும் கிருமி அதைக் கேட்டுக்கொண்டிருக்காது. இதையும் அவரிடம் சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

பள்ளிகளில் நன்னெறி வகுப்பில் பிறரை நேசிக்கச் சொல்கிறோம். எப்படி என்று சொல்லித் தருவதில்லை. நாற்கட்டப் படத்தை வகுப்பில் போடப் பழக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் பென்சிலால் போட வேண்டும். கேட்டறிந்ததை மட்டும் பேனாவால் எழுத வேண்டும். கேட்பதென்றால் போலீஸ்காரர் கேட்பதுபோல் அல்ல. அவர் சொல்ல விரும்பாவிட்டால் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

அவர் சம்மதித்த பிறகு இருவருமாகக் காசநோய்ப் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த சுகாதாரப் பணியாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். சளியை மறுபடி சோதித்துச் சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். தண்ணீருக்கு மட்டும் மருத்துவமனையில் வழியில்லை. வாசலில் மூடி போட்ட டிரம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். பெயர் போடாமல் எழுத அவரே அனுமதித்தார். 'உணர்வது' என்ற கட்டத்தில் இருந்த சொல்லை அழித்துவிட்டு அந்த மாணவி பேனாவால் எழுதியிருக்கிறாள்: அட்வான்ஸ்.