வெடைக்கோழி தூங்குதா... டல்லா இருக்கா?

வீக் எண்டுக்கு செங்கம், தண்டராம்பட்டுன்னு பஸ் ஏறுற திருவண்ணாமலை ஹாஸ்டல் பார்ட்டிகளுக்கு ஒரு குட்டி அசைன்மென்ட். வீட்டுக்குப் போனதும் கோழிக்கூண்டுப் பக்கம் ஒரு லுக் விடுங்க.

உடம்பு முடியலைன்னா கோழி சட்டுனு காட்டிக்காது. நாமதான் கண்டுபிடிக்கணும். முட்டைக்கு வரப்போற வெடைக்கோழி பட்டப்பகல்ல இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி வழியுதா? சாயங்காலம் தொட்டுப் பார்த்தா தீனிப்பை காலியா? எச்சம் வெள்ளையும் பச்சையுமா தண்ணியாப் போகுதா? உஷார்... வெள்ளைக்கழிச்சலா இருக்கலாம்! 1920-களில் இன்றைய உத்தராகண்டின் ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால, ராணிக்கெட் நோய்னும் பேரு. இது வைரஸ். குணப்படுத்த மருந்தே கிடையாது. மெடிக்கல் ஷாப் ஆன்டிபயாடிக்கும் வேலைக்கு ஆகாது. சில நாள்லயே கூண்டு மொத்தமும் காலியாகிடும்.

முதல் வேலை, அந்தக் கோழியைத் தனியாப் பிரிக்கிறது. கதகதப்பான இடம், சுத்தமான தண்ணி. அதைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் மத்ததைத் தொடணும். அப்புறம் நேரா கால்நடை மருந்தகம். ரத்தக்கழிச்சல், குடல்புழுன்னா மருந்து இருக்கு. எதுன்னு டாக்டர் சொல்லட்டும். செத்துட்டா குப்பையில வீசாம, ஆழமாப் புதைச்சிடுங்க.

8 வாரம் தாண்டின, நல்லா இருக்குற கோழிகளுக்கு கால்நடைத் துறை முகாம்ல வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி இலவசம். நோய் வந்தப்புறம் போட்டுப் பிரயோஜனமில்லை.

ஆயாவோட சிறுவாட்டுப் பணமே அந்தக் கூண்டுலதான் பாஸ் இருக்கு!