'நெக்ஸ்ட்' அழுத்தினால் சம்மதமா?

வீட்டில் கணினி மெதுவாகிப் போனால் பழி யார்மீது விழும்? பெரும்பாலும் படிவம் மூன்றிலோ நான்கிலோ படிக்கும் பிள்ளைமீதுதான். சென்ற பள்ளி விடுமுறையில் ஜெலுத்தோங்கில் உள்ள உறவினர் வீட்டில் இதையே பார்த்தேன். "கேம் எதையாவது இறக்கியிருப்பாள்" என்றார் அவள் அப்பா. அவள் கேம் இறக்கவில்லை. பள்ளி வேலைக்காக பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாக இணைக்கும் இலவச மென்பொருள் ஒன்றைப் பதிவிறக்கம் செய்திருந்தாள். அதோடு ஒட்டிக்கொண்டு மூன்று வந்திருந்தன: உலாவியில் ஒரு நீட்சி, கணினியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஒரு செயலி, முகப்புப் பக்கத்தில் யாரும் கேட்காத ஒரு தேடுதளம்.

"நான் 'நெக்ஸ்ட்' மட்டும்தான் அழுத்தினேன், மாமா" என்றாள். அதுதான் உண்மையும்கூட.

வைரஸ் திருடனைப் போல ஓட்டைத் தேடிப் பிரித்து இறங்கும். இந்த வேண்டா மென்பொருள் அப்படியல்ல. முன்வாசலில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று பொடி எழுத்தில் கேட்கிறது. 'ஆம்' என்ற கட்டத்தில் நமக்கு முன்பே அதுவே டிக் போட்டும் வைத்திருக்கிறது. நம் நாட்டின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றிப் பிறர் கணினியில் மாற்றம் செய்வது குற்றம். அந்த 'அனுமதி' என்ற சொல்லைத்தான் இந்த வியாபாரிகள் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நீதான் அழுத்தினாய், நீதான் அனுமதித்தாய் என்பது அவர்கள் வாதம்.

இது பெயர் தெரியாத நிறுவனங்களின் வேலை மட்டும் என்று எண்ண வேண்டாம். ஆரக்கிள் நிறுவனம் தன் ஜாவா மென்பொருளோடு 'ஆஸ்க்' கருவிப்பட்டையைப் பல ஆண்டுகள் சேர்த்தே கொடுத்தது. கட்டத்தில் டிக் தயாராக இருக்கும். ஜாவா பதிந்து ஏறக்குறைய 10 நிமிடம் கழித்தே கருவிப்பட்டை பதியும் என்பது 2013இல் வெளிச்சத்துக்கு வந்தது. உடனே போய் நீக்கப் பார்த்தவருக்குப் பட்டியலில் அது தென்படவே தென்படாது! 2015இல் மைக்ரோசாஃப்ட் அதன் பழைய பதிப்புகளை வேண்டாத மென்பொருள் என்று வகைப்படுத்தியது.

முன்கூட்டியே டிக் செய்த கட்டம் சம்மதம் ஆகாது என்பதே என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரில் இணையக் குக்கிகளைப் பற்றிய வழக்கில் இதையேதான் சொன்னது. குக்கிக்குப் பொருந்தும் நியாயம் மென்பொருளுக்கும் பொருந்தாதா? கட்டம் காலியாக இருக்கட்டும். வேண்டியவர் டிக் போட்டுக்கொள்ளட்டும். நம் சட்டத்திலும் இப்படி ஒரு விதி வேண்டும்.

அதுவரை வீட்டைக் காக்க வேண்டியது நாம்தான். அந்த வீட்டில் அம்மா வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அதே கணினியில்தான். உலாவி நீட்சிகள் பல, 'எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்பவை. 'எல்லா' என்றால் வங்கித் தளமும் அதில் அடக்கம்.

விண்டோஸ் செட்டிங்ஸில் செயலிகளின் பட்டியலைப் பதிந்த தேதிப்படி அடுக்கினோம். பிடிஎஃப் மென்பொருளின் தேதியிலேயே அந்தச் 'சுத்தம் செய்யும்' செயலியும் நின்றது, நீக்கினோம். பிறகு உலாவியில் நீட்சியை அகற்றி, அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். விண்டோஸ் செக்யூரிட்டியில் வேண்டாச் செயலிகளைத் தடுக்கும் வசதி அணைந்திருந்தது. அதை இயக்கி, முழுச் சோதனையும் ஓட்டினோம். அம்மாவின் வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றினோம். 'உங்கள் கணினியில் 300 பிழைகள்' என்று திரையில் குதிக்கும் விளம்பரத்தை நம்பி இன்னொரு துப்புரவுச் செயலியை இறக்குவது, எலியைப் பிடிக்கப் பாம்பை வளர்ப்பது போலத்தான்.

இனி எதைப் பதிந்தாலும் அதை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். 'கஸ்டம்' என்ற தேர்வு இருந்தால் அதைத் திறந்து, ஒவ்வொரு திரையையும் வாசித்து, தேவையற்ற டிக்குகளை எடுத்துவிட வேண்டும். இதைவிடப் பலன் தருவது, அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கைப் பயன்படுத்துவது. அதில் பெரும்பாலான மென்பொருள்களைப் பதியும்போது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கணினி கேட்கும். 'நெக்ஸ்ட்' மட்டும் போதாது.

அந்த வீட்டில் எல்லோருக்கும் இப்போது சாதாரணக் கணக்குதான். நிர்வாகி கடவுச்சொல் மகளிடம் இருக்கிறது. அப்பா எதையாவது பதிய வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுகிறார். அவளோ, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரை முதலில் உரக்க வாசிக்கச் சொல்கிறாளாம்.